வெள்ளை பூத்த கோப்பைகள்

எங்கள் கிணற்றுத் தண்ணீருக்குத் தெருவே அடிமை. நொய்யல் ஆற்றுக்குத் தெற்கே எங்கள் ஊரில் எல்லார் கிணறும் உப்புக் கரிக்க, எங்களுடையது மட்டும் இனித்தது. காலையும் மாலையும் குடத்தோடு வருவார்கள். ஒருத்தரையும் நான் இல்லை என்று திருப்பி அனுப்பியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

தொண்ணூறுகளின் நடுவில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டிசைனர் பெண் எங்கள் சூளையைத் தேடி வந்தாள். கோப்பை, தட்டு, குழம்புக் கிண்ணம் என்று ஒரு முழு வரிசை செய்து பெரிய கடைகளில் வைக்க வேண்டும் என்றாள். அவள் வரைவாள், என் வீட்டுக்காரர் சக்கரத்தில் எடுப்பார், நான் கைப்பிடி ஒட்டிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவேன். ஆரம்பத்தில் தினமும் சண்டைதான்.

"உங்க வெரலு வெண்டைக்காயாட்ட இருக்குதுங்க அம்மணி. எங்கூரு ஆம்பளைங்க வெரலு இந்தக் கைப்பிடிக்குள்ள எங்கீங்க நுழையும்?" என்றேன் ஒருநாள்.

சிரித்துக்கொண்டே அழித்து மறுபடி வரைந்தாள். அன்றிலிருந்து அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஒரு முறை சூளை பிரித்தபோது சில கோப்பைகளின் விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மண்ணில் உப்பு இருந்தால் அப்படிப் பூக்கும். என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு அவற்றைச் சாக்குக்கு அடியில் தள்ளினார். அவள் அதையேதான் இழுத்தெடுத்தாள்.

"ஐயோ அக்கா, எவ்வளவு அழகு! ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. எனக்கு எல்லாமே இப்படித்தான் வேணும்."

அந்த மண் ஓடைக்கரையில் எடுத்தது. மேலேயிருந்த சாயப்பட்டறைகளின் கழிவு அந்த ஓடையில் ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் போய்க்கொண்டிருந்தது. ஓடைக்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவே ஒரு களிமண் மேடு மட்டும்தான். அவள் கேட்ட மண்ணுக்காக என் வீட்டுக்காரர் அதில் கடப்பாரையைப் போட்டார்.

"ஏனுங்க, அந்தப் பக்கம் வேண்டாமுங்க. கெணறு பக்கத்துல இருக்குது."

"களிமண்ணுல தண்ணி எறங்காது புள்ள. சட்டி செய்யறவனுக்கே சொல்லித் தாரயா?"

இறங்காதுதான். அந்தக் களிமண்ணைத்தானே மனுஷன் வண்டி வண்டியாக எடுத்துக்கொண்டிருந்தார்! சொன்னால் மண்டையில் ஏறினால்தானே.

ஐப்பசி மழையில் ஓடை பொங்கிக் குழி நிறைய நீலத் தண்ணீர் நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வெயிலில் காய்கிறது என்றார். அந்த வாரம் வெயிலே இல்லை.

கார்த்திகையில் பருப்பு வேகவில்லை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். பாவம், மாற்றிக் கொடுத்தார். அதுவும் வேகவில்லை. கன்றுக்குட்டி தொட்டியில் வாயை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிணற்றடிக் கறிவேப்பிலை நுனி கருகியது. கிணற்றைப் பற்றி வாயைத் திறந்தாலே என் வீட்டுக்காரர் எரிந்து விழுந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரிசை செய்து முடித்தால், அதில் ஒரு பாத்திரத்தில் எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, வாங்க வந்தவருக்குக் குடிக்கக் கொடுப்போம். அவள் ஒரு கடை முதலாளியை அழைத்து வந்த அன்று, ஆரம்பத்தில் குளத்து மண்ணில் செய்த கோப்பை ஒன்றை எடுத்தேன். மாசு மருவில்லாத சிவப்பு. நான் சண்டை போட்டு ஜெயித்த கைப்பிடி அதில்தான் இருந்தது. அவர் ஒரு வாய் குடித்தார். மீதித் தண்ணீரோடு அதைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டு நடந்தார். வேலை மும்முரத்தில் அதை எல்லாரும் மறந்துபோனோம்.

அடுத்த வாரம் சரக்குக் கட்ட வந்தவள் கிணற்றடியிலிருந்து கத்தினாள்.

"அக்கா! பழைய மண்ணுலயும் பூத்திருக்கு! எப்படிப் பண்ணீங்க?"

ஓடினேன். கோப்பைக்குள் தண்ணீர் வற்றிப்போயிருந்தது. வெளியே கசிந்து காய்ந்த இடமெல்லாம் வெள்ளை, சிவப்பே தெரியவில்லை. குளத்து மண்ணில் உப்பு கிடையாது. அப்படியானால் தண்ணீரில்தான் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால், தினமும் குடித்த எங்கள் நாக்குக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் வந்து நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். முகம் செத்துப்போயிற்று. கிணற்று உருளையிலிருந்து கயிற்றை உருவிச் சுருட்டி உள்ளே கொண்டுபோனார். அவளை நாலு வார்த்தை கேட்கலாமென்று ஆத்திரமாக வந்தது. "என்னாச்சுக்கா?" என்று கோப்பையை நெஞ்சோடு அணைத்து நின்றவளைப் பார்த்ததும் அது அடங்கிப்போயிற்று.

சாயங்காலம் வழக்கம்போல் குடங்கள் வந்தன. முதலில் வந்தவள் எதிர்வீட்டுக்காரி, இடுப்பில் கைக்குழந்தையோடு.

"கயிறு எங்கீங்கக்கா?"

"தண்ணி இல்ல கண்ணு" என்றேன்.

அவள் கிணற்றை எட்டிப் பார்த்தாள். பாதிக்கு மேல் நிறைந்து கிடந்தது. என்னையும் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாமுங்க. கொழந்தைக்காச்சும் ஒரு சொம்பு குடுங்கக்கா" என்றாள்.