மரத்தடியில் வற்றிய ஒரு சாண் தண்ணீர்

யுத்தம் தொடங்கியதற்கு மறு வருஷம், தை மாதம். சேந்தமங்கலத்துக்குச் சற்றுத் தள்ளி, கொல்லிமலை ஓடைத் தண்ணீர் வந்து நிறையும் எங்கள் ஊர் ஏரியில் நடந்தது இது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறியும் இருந்தது.

ஏரியின் மேல்கோடியில் தண்ணீருக்குள்ளேயே கருவேல மரங்கள் நிற்கும். ஐப்பசி மழைக்குப் பிறகு நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் வந்து அவற்றில் கூடு கட்டும். விடியற்காலையில் அல்லி இலைகளின்மேல் பனி நகரும்போது மரங்கள் மறைந்துபோய், பறவைகள் மட்டும் வெறும் ஆகாயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும். அவற்றின் எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு நல்ல உரம். அதனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. குஞ்சுகள் பறக்கும்வரை, காட்டு விலங்குகள் கிட்டே வராதபடி அந்த மரங்களின் அடி தண்ணீரில்தான் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் மழை பிந்தியது, நடவும் பிந்தியது. எங்கள் நெல் பால் பிடிக்கிற சமயத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. இன்னும் ஒரு தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பதராகிவிடும். அப்பா வரப்பில் உட்கார்ந்து கதிரைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு மூங்கிலில் சாண் சாணாகக் கோடு போட்டு மதகடியில் இறக்கினேன். ஆறு சாண் ஆழம் இருந்தது. ஒரு சாண் விட்டாலும் ஐந்து சாண் மிச்சம் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து கணக்குச் சொன்னேன்.

மதகைக் காக்கிறவருக்கு மனமில்லை. "மேக்கோடியப் பார்த்துப்போட்டுச் சொல்றனுங்க" என்றார்.

"படிச்ச புள்ளைக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மதகு திறந்தது.

மதகை அடைத்த மறுநாள் காலை அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். "வாங்க வாத்தியாரே, உங்க அஞ்சு சாணு எங்க நிக்குதுன்னு பார்த்துப்போட்டு வரலாம்."

மதகடியில் ஏரி பள்ளம். மேல்கோடியிலோ தாம்பாளம்போலத் தட்டையான மேடு. அங்கே இருந்ததே ஒரு சாண்தான். அது வற்றி, மரத்தடி முழுவதும் சேறாகிக் கிடந்தது. சேற்றில் காட்டுப்பூனையின் கால்தடங்கள். தாழ்ந்த கிளைகளில் கூடுகள் பிய்ந்து தொங்கின. ஒரு நாரை அலகில் நத்தையைக் கவ்வியபடி வெறுங்கூட்டின் விளிம்பில் நின்றது. நாங்கள் திரும்பும்வரை நின்றுகொண்டே இருந்தது.

போன தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. என்ன செய்வது என்று கேட்டேன்.

"தண்ணி நின்ன எடத்துல இனி நீதான் நிக்கோணும் சாமி" என்றார். குரலில் கோபம் இல்லை.

நின்றேன். இரவில் அவரும் அவர் தம்பியும் தீப்பந்தத்தோடு காவல் இருந்தார்கள். விடியலும் அந்தியும் என் பங்கு. முழங்கால்வரை சேறு, தலையிலும் தோளிலும் எச்சம். மேலே குஞ்சுகள் ஓயாமல் கத்தும், தாய்ப்பறவை வந்ததும் ஒரு நொடி அடங்கும். கோரைப் பக்கமிருந்து சிறகி வாத்துக் கூட்டம் எழுந்தால் பனியே கிழிந்து பறப்பதுபோல் இருக்கும். சில சமயம் நான் நிற்பதே எனக்கு மறந்துவிடும். வக்கா ஒன்று கைக்கெட்டும் கிளையில் இறங்கி, நான் ஒரு பட்டமரம் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாம் நாள் பார்த்தால், அடுத்த மரத்தடியில் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் செய்த தப்புக்கு நீங்கள் ஏன் நிற்கவேண்டும் என்றேன்.

"தண்ணி நம்ம வயலுக்குத்தானே வந்துச்சு" என்றார், சேற்றைப் பார்த்தபடி.

மாசி பாதியில் கடைசிக் குஞ்சும் பறந்தது. எங்கள் நெல்லும் நன்றாகவே விளைந்தது. ஆனால் புது அரிசிச் சோற்றை அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டோம்.

இப்போது நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. வாய்க்கால் தகராறு, ஏரித் தகராறு என்று மனுக்கள் வருகின்றன. சம்பந்தப்பட்ட இடத்தின் மறுகோடிவரை ஒருமுறை நடந்து பார்க்காமல் எதையும் எழுத இன்றுவரை எனக்குக் கை வருவதில்லை.