தேர் நிலைக்கு வரும்வரை

இங்கிலீஷ் பாடம் படித்துக்கொண்டிருந்த என் மகள், 'ஸ்டேஷன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். நிற்பதைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லாம். ரயில் நிற்கும் இடம், காவலாளிக்குக் குறித்துக் கொடுத்த இடம், ஊருக்குள் ஒருவனுக்கு உள்ள அந்தஸ்து, எல்லாம் அதற்குள் வருமாம். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் என் மனதில் வந்தது ரயில் இல்லை, தேர்.

எங்கள் ஊரில் தேர் நிற்கும் இடத்துக்கு நிலை என்று பெயர். காலையில் கிளம்பும் தேர் நான்கு வீதியும் சுற்றி மறுபடி அங்கேயே வந்து நிற்கவேண்டும். அதுவரை அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். அப்பாவுக்கு முன்பக்கத்து வலது சக்கரம். உருண்டு வரும் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. அவருக்கு முன்னால் தாத்தா நின்ற இடம் அது.

எனக்கு ஆறேழு வயதிருக்கும். வடம் பிடிக்க வந்த மாமா அப்பாவைக் கேலி செய்தார்.

"மச்சான், கட்டையை வச்சுட்டுக் கையை எடும். கையை வச்சுட்டுக் கட்டையை எடுத்துராதேயும்."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

தெற்கு வீதி முக்கில் தேர் திரும்பவேண்டும். அண்ணாந்து பார்த்தேன். வானமே தெரியவில்லை, தேர்ச்சீலைதான். என் உள்ளங்காலுக்குக் கீழே மண் நடுங்கியது. சக்கரம் அப்பாவைவிட உயரம். அவர் அதன் அருகே குனிந்து கட்டையைக் கொடுத்தார். மரம் முனகியது, புகைந்தது. அவ்வளவு பெரிய தேர் பைய அவர் சொன்ன பக்கம் திரும்பியது. ஊரே சாமியைக் கும்பிட்டது. நான் அப்பாவைக் கும்பிட்டேன்.

"எம்மா, பசிக்கு."

"பேசாம நில்லுலே. தேர் நிலைக்கு வரட்டும்."

என் தோளைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வலித்தன. தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவள், ஒருதடவையாவது நிமிர்ந்து சாமியைப் பார்க்கவேண்டாமா? சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் சாய்ந்தபிறகுதான் தேர் நிலைக்கு வந்தது. வீட்டில் அப்பா இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். அம்மா சோற்றுப் பானையைத் தொடவில்லை. அவர் கைகளைப் பிடித்து, விரல் விரலாகப் பிரித்து, புரட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லட்டி" என்றார் அப்பா.

பிறகுதான் செம்புத் தண்ணீரை எடுத்து நின்றபடியே குடித்தாள். சோறு போட வந்தாள்.

கை கழுவியாயிற்றா என்று பார்க்கிறாள் போல என்று நினைத்து, நானும் என் இரண்டு கைகளையும் அவளிடம் நீட்டினேன்.