கடல்தொட்டியில் பூத்த சனியன்

என் அத்திம்பேர் கணபதிராமன், அக்கா மீனாக்ஷியின் கணவர், எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. ரயில்வே பார்சல் ஆபீசில் இருந்து ரிட்டயரானவர். தோசை வட்டமாக வராவிட்டால் அதைத் தான் தின்றுவிட்டு, வேறு வார்த்து அக்காவுக்குக் கொடுப்பார். நல்ல மனிதர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் ஒரு திருகாணியை முடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் எனக்குப் பொறுமை போய்விடும். பிடுங்கி நானே முடுக்கலாமா என்று கை பரபரக்கும்.

தொண்ணூற்றாறில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் நடந்தும் எழுந்து நடக்க முடியவில்லை. மைசூர் அக்ரஹாரத்து வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டுப் படுக்க வைத்தோம். வாய் ஓயாமல் பேசுகிறவள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ரசம் சாதம் இரண்டு வாய் இறங்குவதே பெரும்பாடு. நான் அடுத்த தெருவில்தான் இருக்கிறேன். தினமும் போய் ஊட்டிப் பார்ப்பேன், கெஞ்சுவேன், கடைசியில் திட்டிவிட்டு வந்து வீட்டில் அழுவேன். "மனசு எதுலயாவது போனாத்தான் உடம்பு தேறும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. இப்படியே போனால் அக்கா தங்கமாட்டாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அத்திம்பேர் பெங்களூருக்குப் போய் ஒரு கடல்தொட்டியோடு வந்து இறங்கினார். மைசூரில் மீன் வளர்க்கிறவர்கள் உண்டு. எல்லாம் குழாய்த் தண்ணீர் மீன். இது உப்புத் தண்ணீர் மீன். பாக்கெட்டில் வருகிற கடல் உப்பை டிரம்மில் கரைத்து, நாள் முழுக்கக் கலக்கி, அளந்து பார்த்து ஊற்ற வேண்டும். ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடிக் கோமாளி மீன். அவை புகுந்து விளையாட, தட்டு அகலத்துக்கு விரிந்த ஒரு கடல்சாமந்தி. அது செடியில்லை, உயிருள்ள பிராணி என்று எனக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். நடுவில் வைக்க ஒரு கடல்பாறையும் வந்தது.

தொட்டியை அக்காவின் கட்டிலுக்கு எதிரே வைத்தார். மீனோடு அவர் கன்னடத்தில்தான் பேசுவார். "பா மரி, ஊட்டா மாடு", வா குட்டி, சாப்பிடு என்று கூப்பிட்டு இறால் துணுக்கைப் போடுவார். "தமிழ்ல கூப்டா வராதாக்கும்?" என்று கேட்டேன். "ஊர்ப் பாஷை பழகட்டும், பிரதிபா" என்றார்.

முதலில் அக்கா கண்டுகொள்ளவேயில்லை. சில வாரம் கழித்து ஒரு நாள் காலையில் தொட்டியைப் பார்த்தபடியே முழு இட்லி சாப்பிட்டாள். மறுநாள் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தாள். அத்திம்பேர் சமையலறையில் வந்து என்னிடம், "மீன் அவளைக் காப்பாத்திடுத்துடி" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அந்தச் சந்தோஷம் நிலைப்பதற்குள் பாறையில் அது முளைத்திருப்பது எங்கள் கண்ணில் பட்டது. சுண்டுவிரல் நக அளவு, பழுப்பு நிறம், கண்ணாடி மாதிரி மெலிசு, சுற்றிலும் பூவிதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற மயிர்க்கைகள். பாறையோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். பெங்களூர்க் கடைக்காரர், "அது களை சார், விட்டா தொட்டி பூரா பரவி, பெரிய சாமந்தியைக் கொட்டியே கொன்னுடும்" என்று போனில் சொன்னார். சாமந்தி போனால் மீன் போகும். மீன் போனால் அக்கா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்புவாள். அத்திம்பேரின் கணக்கு அப்படி ஓடியது. என் கணக்கும் அதேதான்.

மாடியில் தொட்டி தொட்டியாக மல்லிகை வளர்த்த கை அல்லவா? முளையை நகத்தால் கிள்ளி எறிந்தார். மல்லிகையைக் கிள்ளினால் இன்னும் கிளைக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். இது செடியில்லை என்று எனக்குப் பாடம் எடுத்தவரும் அவர்தான். கையும் நகமும் பழக்கத்தில் போய்விட்டன. கிழிந்து மிதந்த ஒவ்வொரு துணுக்கும் போய் ஒட்டின இடத்தில் புதிதாக ஒன்று முளைத்தது. பத்து நாளில் பாறை நிறைந்துவிட்டது. "சனியன், சனியன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இதற்கு நடுவில் அக்கா தினமும் கண் விழித்ததும் கேட்பாள்: "பூ இருக்கோன்னோ?"

நோயாளி கவலைப்படுகிறாள் என்று அத்திம்பேர் துடித்துப்போவார். "கொஞ்சந்தான் இருக்கு மீனா. எடுத்துடறேன், நீ கவலப்படாதே" என்பார். அக்கா கண்ணை மூடிக்கொள்வாள். அவள் பேசினதே பெரிசு என்று நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுபடி கடைக்காரருக்கு போன். ஊசிக்குழாயில் சுண்ணாம்புக் குழம்பை எடுத்து அதன் வாயில் விட்டால் தின்றுவிட்டுக் கரைந்துபோகும் என்றார். அதற்கென்று வெளிநாட்டுப் பொடி வரவழைக்க வேண்டுமாம். "வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பு என்ன பாவம் பண்ணித்து?" என்றேன். வாயைக் கொடுத்தேன், மாட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து வெந்நீரில் சுண்ணாம்பு குழைக்கிற வேலை என் தலையில் விழுந்தது.

மோட்டாரை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தொட்டிமேல் ஒட்ட வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து என்று அத்திம்பேர் விட்டுக்கொண்டே வந்தார். ஒரேயடியாக விட்டால் தண்ணீர் கெட்டு மீன் செத்துவிடுமாம். டார்ச் அடித்துப் பாறையின் பின்பக்கம்கூடத் தேடினார். எனக்கே அலுத்துப்போனது. அவருக்கு அலுக்கவில்லை. அக்கா கட்டிலில் இருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பாடு மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. வெயில் காலம், அதனால்தான் என்று நினைத்தோம்.

ஒரு காலை நான் உள்ளே நுழையும்போது அத்திம்பேர் முகமெல்லாம் சிரிப்பு. "மீனா, பாரு, சனியன் ஒழிஞ்சுது. ஒண்ணுகூட இல்லை!"

அக்கா பார்த்தாள். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இட்லி வேண்டாம். காப்பி வேண்டாம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "மனுஷர் மாசக்கணக்கா உனக்காகக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு ஒடிஞ்சு நிக்கறார். இன்னும் என்னக்கா வேணும் உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

சுவரைப் பார்த்தபடியே அக்கா பேசினாள். விழுந்த நாளிலிருந்து அவள் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசினதில்லை.

"மீனை நான் எப்போ கேட்டேன்? அது அங்கேயும் இங்கேயும் ஓடறதைப் பாத்தா எனக்கு என் கால் ஞாபகம்தான் வருது. அந்தப் பூ நகரலை. ஒட்டின எடத்துலயே இருந்துண்டு, கையை நீட்டி, வர்றதை வாங்கித் தின்னுண்டு, ஜம்முனு இருந்தது. கிள்ளிப் போட்டாலும் பொழைச்சுது. அதைப் பாத்துத்தான், சரி, நாமளும் இருந்து பாக்கலாம்னு நெனச்சேன். இருக்கோன்னோ, இருக்கோன்னோன்னு தெனம் கேட்டேனே."

அன்றைக்கென்று குழைத்துக் கொண்டுவந்திருந்த சுண்ணாம்புக் கிண்ணம் என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அத்திம்பேர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இவளுக்கு என்ன பிடிக்கும்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியும்னு நெனச்சுண்டிருந்தேன், பிரதிபா" என்றார். ஒரு வார்த்தை அவளையே கேட்டிருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். நானும்தான் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் எழுந்தார். டார்ச்சை எடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, பாறையை மெதுவாகத் தூக்கி, சாய்த்து, ஒவ்வொரு பொந்தாக வெளிச்சம் அடித்தார். எப்போதும்போல அவசரப்படவில்லை. இந்தத் தடவை எனக்கும் பொறுமை போகவில்லை. உதடு மட்டும் அசைந்தது. கிட்டே போய்க் காதைக் கொடுத்தேன். "ஒண்ணாவது இருந்து தொலையேன், சனியனே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

பாறையின் அடியில், ஒரு மடிப்புக்குள், குண்டூசித் தலை அளவுக்கு ஒன்று மயிர்க்கைகளை நீட்டிக்கொண்டிருந்தது.

"மீனா" என்றார். "ஒண்ணு இருக்குடி."

அக்கா முழங்கையை ஊன்றி, தலையைத் தூக்கித் திரும்பினாள்.

"எங்கே?" என்றாள்.