அக்கா பார்த்த கடல்

போன வாரம் நான் இருட்டை வாடகைக்கு எடுத்தேன்.

சிரிக்காதீர்கள், உண்மையைத்தான் சொல்கிறேன். நுவரெலியா மலைப்பக்கம், பட்டிப்பொலவுக்கு அப்பால், காட்டு ஓரத்தில் ஒரு ஈகோ லொட்ஜ். மண் சுவர், புல் கூரை. கரண்ட் கிடையாது. போன் சிக்னல் கிடையாது. குளிக்க வேண்டுமென்றால் விறகு அடுப்பில் காய்ச்சிய வெந்நீரை வாளியில் கொண்டுவந்து வைப்பார்கள். இதற்கெல்லாம் ஸ்டார் ஹோட்டல் ரேட்டில் காசு. அப்படியும் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. நமக்கு என்னதான் ஆகிவிட்டது?

நமக்கு என்ன ஆனதோ... எனக்கு ஆனதைச் சொல்கிறேன்.

என்னோடு வந்தது என் அக்கா. வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், நாங்கள் பிறந்த அதே லயத்தில்தான் இன்றைக்கும் இருக்கிறாள். வாழ்நாள் பூராவும் கொழுந்து பறித்தவள். அம்மா படுக்கையில் விழுந்தபின் அவள்தான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். அதனாலேயே கொழும்பில் என் வீட்டுக்கு ஒரு தடவைகூட அவளால் வரமுடியவில்லை. போன வருடம் அம்மா போய்ச் சேர்ந்தார். இந்த வருடம் அக்காவும் வேலையிலிருந்து நின்றுவிட்டாள்.

இனி அவளுக்கு ஒரு நல்லது செய்ய வேண்டாமா? போன் பண்ணினேன். இரண்டு நாள் எங்கேயாவது போய்த் தங்கிவிட்டு வருவோம், எங்கே போகலாம் சொல்லுங்க என்றேன்.

"ஒனக்குத் தெரியாததா தம்பி? நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் சரிதான்."

எங்கள் ஆட்கள் ஆசையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பசியோடு வந்திருப்பார்கள்; சாப்பிட்டீங்களா என்று கேட்டால் 'இப்பத்தான்' என்பார்கள். இரண்டாவது தடவை கேட்டால்தான் கை நனைப்பார்கள். நானும் அதே லயத்தில் பிறந்தவன்தானே? இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவள் முடிவை என்னிடம் விட்டுவிட்டாள் என்று சந்தோஷமாக இன்டர்நெட்டில் தேட ஆரம்பித்தேன்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் என் வீட்டுத் தெரு முடிகிற இடத்தில் ரயில் பாதை. அதைத் தாண்டினால் கடல். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கிறது, ஃபிரிஜ் துருப்பிடிக்கிறது, போகிற போக்கில் நானும் துருப்பிடித்துவிடுவேன் போலிருக்கிறது. ஆகவே ஓய்வு என்றால் என் மனதில் வருவது குளிர், பச்சை, அமைதி. யாருக்காக புக் பண்ணினேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அக்கா புதுச் சேலை கட்டி, புது ரப்பர் செருப்பு போட்டு, பையோடு லயத்து வாசலில் நின்றாள். வழியனுப்பப் பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். இரண்டு நாள் பயணத்துக்கு இவ்வளவு கூட்டமா என்று நினைத்தேன். மெயின் ரோட்டில் ஏறியதும் கார் கொழும்புக்குப் போகிற ஹட்டன் பக்கம் போகாமல் நுவரெலியா பக்கம் திரும்பியது. அக்கா ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மலைப்பாதையில் தலை சுற்றுகிறதாக்கும் என்று நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன்!

லொட்ஜில் அந்தி சாய்ந்ததும் அக்கா சுவரைத் தடவி சுவிட்சைத் தேடினாள். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டாள். இங்கே கரண்டே கிடையாது, அதுதான் இந்த இடத்தின் விசேஷம் என்று நான் பெருமையாக விளக்கினேன்.

அவள் முகத்தில் நிஜமான இரக்கம். "பாவம், இவங்களுக்கு இன்னும் லைன் இழுக்கலையா? நீதான் பேப்பர்ல எழுதுறியே... இவங்களுக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த வாரப் பத்திக்கு விஷயம் கிடைத்தாயிற்று என்று மனதுக்குள் குறித்தும் வைத்துக்கொண்டேன். அட, மடையா!

வெந்நீர் வாளி வந்தபோது அக்கா ஓடிப்போய்த் தானே வாங்கிக்கொண்டாள். காலையில் நான் எழுந்து பார்த்தால் வாசலைக் கூட்டிக்கொண்டிருக்கிறாள். புகை, வாளி, மண்ணெண்ணெய் விளக்கு, ஈர விறகு... எதிலிருந்து விடுபட அவள் இத்தனை காலம் பாடுபட்டாளோ, அதையே காசு கொடுத்து அவள் முன்னால் விரித்து வைத்திருக்கிறேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பிடிச்சிருக்கா என்று கேட்டதற்கு, நல்லாத்தான் இருக்கு என்றாள். நானும் நம்பினேன்.

காட்டுக்குள் நடக்கக் கிளம்பும்போது, அட்டை ஏறாமல் இருக்க ஆளுக்கொரு சின்ன உப்புப் பொட்டலம் கொடுத்தார்கள். அக்கா மனேஜரிடம் சிங்களத்தில் ஏதோ பேசி இன்னும் நாலைந்து வாங்கி மடியில் முடிந்துகொண்டாள். அட்டைக்குப் பயமா என்று கிண்டல் பண்ணினேன். வயசாயிருச்சில்ல என்று சிரித்து மழுப்பினாள். காலமெல்லாம் தேயிலை மலையில் அட்டையோடு குடும்பம் நடத்தியவளுக்கு அட்டைப் பயமா? அந்த இடத்திலாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

கிளம்புகிற காலையில் அவள் பையிலிருந்து ஒரு பெரிய காலி சோடாப் போத்தலை எடுத்தாள். பளபளவென்று கழுவி, மூடியைத் துணி வைத்து இறுக்கி, ஊரிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். ஓடையில் இறங்கி நிரப்பினாள். காட்டுத் தண்ணீர், மருந்து மாதிரி என்று நான் வேறு பாராட்டினேன்.

லயத்துக்குத் திரும்பியபோது, வழியனுப்பிய அதே பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். கையில் செம்பு, டம்ளர், பால்மா டின். அக்கா போத்தலைத் திறந்து ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, கண் திருஷ்டிக்கு வாசலில் தெளிக்கணும், புள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது என்றாள். பிறகு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமா, கரிக்குது. கடல் தண்ணியேதான்."

அக்கா மடியில் முடிந்த உப்புப் பொட்டலங்கள் எங்கே போயின என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடல் எப்படிக்கா இருந்துச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. பெருசு, ராவெல்லாம் ஒரே இரைச்சல், தூங்கவே விடல, குளுந்த காத்து என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்ன இரைச்சல் எனக்குத் தெரியும். அது காட்டு மரங்களில் காற்று அடித்த சத்தம்.

தம்பி கடலோரம் குடியிருக்கிறான், வேறு எங்கே கூட்டிக்கொண்டு போவான் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சுற்றிலும் கடல் உள்ள நாட்டில் பிறந்து, அதை ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருத்தியின் கணக்கு அது. தப்பான கணக்கா, சொல்லுங்கள்? எனக்குத்தான் கடல் அலுத்துப் போயிருந்தது. எனக்கு அலுத்தது அவளுக்கும் அலுத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

எல்லோரும் போனபிறகு, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆசையா கூட்டிட்டுப் போற. பாதி வழியில எப்படிப்பா சொல்றது? இங்க வந்து காட்டுக்குத்தான் போனோம்னு சொன்னா... ஒன்னய என்ன நெனைப்பாங்க?"

அடுத்த மாதமே கட்டாயம் கடலுக்குப் போவோம் என்றேன். என் வீட்டில் வந்து தங்குங்க, தினமும் சாயங்காலம் பார்க்கலாம் என்றேன். அக்கா காலிப் போத்தலைக் கவிழ்த்து, சொட்டுத் தண்ணீர் வடிய வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இனிமே எப்படி தம்பி போறது? போயிட்டு வந்துட்டேன்னு சொல்லிட்டேனே."

வெள்ளவத்தைக்குத் திரும்பிய நாளிலிருந்து தினமும் தெரு முனைவரை போய்க் கடலைப் பார்க்கிறேன். பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது, என் மேல்தான். அவளை இங்கே கூட்டி வர ஏதாவது ஒரு சாக்கு கண்டுபிடிக்க வேண்டும். பல்வலி, கண் டாக்டர், எதுவானாலும் சரி. கொழும்புக்கு வந்த இடத்தில் கடல் தற்செயலாகக் கண்ணில் பட்டதாக இருக்கட்டும்.

அக்காவின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ நான் எழுதவில்லை, கவனித்திருப்பீர்கள். அவர்கள் லயத்திலும் பேப்பர் வாங்குகிறார்கள்.