துறைமுக வாசலில் மதீனா பீவி

துறைமுகத்தைக் காத்தவர்கள் என்றால் துப்பாக்கியும் தொப்பியுமாக நின்றவர்களைத்தான் சொல்கிறார்கள். சொல்லட்டும். என்னைக் கேட்டால் தாராவியிலிருந்து தினமும் போய்வந்த மதீனா பீவியைச் சொல்வேன்.

நாற்பத்து நாலாம் வருஷம் ஏப்ரலில் துறைமுகத்தில் கப்பல் வெடித்ததே, அதில் அவளுடைய புருஷன் ஜெயினுலாப்தீன் போய்விட்டார். மூட்டை தூக்கப் போனவர். அடக்கம் செய்ய உடல்கூடக் கிடைக்கவில்லை. அதன்பிறகு வாசலில் ஏகக் கெடுபிடி. சண்டைக் காலம் வேறு. எந்தக் கப்பலில் குண்டு இருக்கிறது, எந்தக் கூட்டத்தில் எதிரியின் ஆள் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே போகிற அத்தனை பேரையும் தடவிப் பார்த்தார்கள். கோணி தைக்கிற பெண்களைச் சோதிக்க மதீனா பீவியை வைத்தார்கள். இரண்டு மகள்களோடு அவள் அந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருந்தாள். உள்ளே நெருப்புச் சாமான் ஆகாது. தீப்பெட்டியோடு வந்தால் தைக்கிறவளுக்கு அன்றைய கூலி போகும். சோதிக்கிறவளே வைத்திருந்தால் அந்த வேலையே போகும்.

அடுத்தவள் உடம்பைத் தடவுகிற வேலை யாருக்குப் பிடிக்கும்? பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்போது அவளாகவே ஒரு வழக்கம் வைத்தாள். காலையில் சோதிக்கிற தகரக் கொட்டகைக்குள் வந்ததும், வரிசையில் முதலில் நிற்பவளுக்கு முன்னால் கையை விரித்து நிற்பாள்.

"மொத என்னையப் பாரு. பொறவு நான் ஒன்னையப் பாக்கேன்."

அதற்குப் பிறகு முணுமுணுப்பு மெல்ல அடங்கியது.

மழைக்காலம் வந்தது. ஜூலை மாதத்தில் தாராவிக் குடிசையில் காய்ந்த இடம் என்று ஒன்று கிடையாது. அடுப்பைப் பற்றவைத்த கையோடு தீப்பெட்டியை மடியில் சொருகிக்கொள்வார்கள். உடம்புச் சூட்டில்தான் குச்சி நமுத்துப்போகாமல் இருக்கும். அதை மறந்து அப்படியே வேலைக்கு வந்து மாட்டியவர்கள் பலர். பக்கத்துச் சந்து வடிவும் மாட்டினாள். கெஞ்சிப் பார்த்தாள். மதீனா பீவி மசியவில்லை. அன்று வடிவு வீட்டில் உலை ஏறவில்லை. அதோடு இருவருக்கும் பேச்சும் நின்றது.

மறுவாரம் வரிசையில் முதல் ஆளாக வடிவு நின்றாள். மதீனா பீவி வழக்கம்போல் கையை விரித்தாள். வடிவின் கை அவள் மடியில் போய் நின்றுவிட்டது. உள்ளே தீப்பெட்டி.

வடிவு ஊரைக் கூட்டியிருக்கலாம். நானாக இருந்தால் கூட்டியிருப்பேன். அவளோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யக்கா, நான் ஒண்ணும் பாக்கல. வெளிய சேத்துல போட்டுட்டு வந்துரு. ரெண்டு பொட்டப் பிள்ளைய வச்சிருக்க."

மதீனா பீவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"போட்டுருவேன். நாளைக்கு இவளுவ மடில எப்பிடிக் கை வைப்பேன்?"

தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வாசல் அதிகாரியிடம் போய் மேஜையில் வைத்தாள். அவர் சட்டத்தை வளைக்கவில்லை. பாதிச் சம்பளத்துக்குக் கோணி தைக்கப் போகலாம், சோதிக்கிற வேலை இனிக் கிடையாது என்றார். அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று அவர் யோசித்தபோது, இவளே அரைகுறை இந்தியில் வழி சொன்னாள். என்னிடமே கண்டுபிடித்தாளே, அந்த வடிவை வையுங்கள் என்றாள். எனக்கு அந்த மனசு வராது.

வீட்டுக்கு வந்து அழுதாளாம். அழாமல் இருக்க அவள் என்ன கல்லா?

மறுநாள் காலை கொட்டகைக்குள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வடிவு ஒருத்தியையும் தொடாமல் வரிசையைக் கடந்து கடைசிவரைக்கும் வந்தாள். மதீனா பீவிக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"மொத என்னையப் பாருக்கா."

மதீனா பீவி பார்த்தாள். கொண்டையைக்கூட விடவில்லை.