துரியா தட்டில் வைத்த கணினி

மொராக்கோவில் எங்கள் மெக்னெஸ் ஊரில் லல்லா துரியாவுக்குப் பொறாமை வந்தால், மூன்று தெரு தள்ளி இருப்பவர்களின் தேநீரில்கூடப் புதினா வாடிப்போகும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு தடவை என் கோப்பையிலேயே வாடியது.

ஏழு வயதில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அம்மை போட்டபோது, தனக்கு ஏன் வரவில்லை என்று துரியா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். மூன்றாம் நாள் அவளுக்கும் வந்தது. புள்ளிகளை எண்ணிப் பார்த்து, தனக்குப் பதினொன்று அதிகம் என்று தெரிந்த பிறகுதான் கஞ்சி குடித்தாள்.

மற்றபடி நல்லவள், ஊரே மரியாதையாக லல்லா என்று கூப்பிடும். ஐம்பத்தெட்டு வயதாகிறது. தொழில், மணப்பெண்ணுக்கு உடுத்திவிடுவது. அந்த வேலை செய்கிறவளை நாங்கள் நெக்காஃபா என்போம். கஃப்தான் என்னும் நீள அங்கிகளும் முத்துக் கிரீடங்களும் பெண்ணைத் தூக்கிவரும் பல்லக்கும் அவளுடையவை. ஒரே கல்யாணத்தில் ஒரு பெண்ணுக்கு ஏழு தடவை உடை மாற்றி, ஏழு தடவையும் பெற்ற தாயே அடையாளம் தெரியாமல் விழிக்கும்படி செய்துவிடுவாள். மாப்பிள்ளை ஓடிப்போன ஒரு கல்யாணத்தில் அவள் பெண்ணை உடுத்திவிட்ட அழகைக் கேள்விப்பட்டு, அவன் காஸாபிளாங்காவிலிருந்து நடந்தே திரும்பி வந்தான் என்று ஊரில் சொல்வார்கள். நடந்து வரவில்லை, ரயிலில்தான் வந்தான். ஆனால் வந்தான்.

அவள் தம்பி மனைவி மென்னானாவுக்கும் அதே தொழில். துரியாவின் பொறாமை முழுவதும் பதினைந்து வருடமாக அந்த ஒரே விலாசத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை துரியா வீட்டில் கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். சாப்பிட்டுக் கைகழுவியதும் மென்னானா தன் பையிலிருந்து ஒரு லேப்டாப்பை எடுத்து விரித்தாள். கீபோர்டில் நாலு எழுத்தைத் தட்டினாள். பிறகு பேசிக்கொண்டே திரையின் இரண்டு ஓரத்தையும் பிடித்து மேலே இழுத்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். திரை தனியாகக் கையோடு வந்துவிட்டது.

"ஒடஞ்சுபோச்சா?" என்று துரியா கேட்டாள். அந்தக் குரலில் இருந்த ஆசையை எல்லோரும் கவனித்தோம்.

"இல்ல அண்ணி, கழட்டறதுக்குன்னே செஞ்சது. நடுவுல காந்தம் இருக்கு. ஒட்ட வச்சா லேப்டாப், கழட்டினா டேப்லெட். பின்னாடி பாருங்க, கால்கூட இருக்கு." திரையின் முதுகிலிருந்து தகடு போல ஒரு காலை விரித்து அதைத் தேநீர் மேசையில் நிற்க வைத்தாள். திருப்பினால் படமும் கூடவே திரும்பியது. பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த பேனாவை எடுத்தாள். "அண்ணி, கொஞ்சம் நிமிருங்க."

துரியா நிமிர்வதற்குள் படம் எடுத்தாயிற்று. அந்தப் படத்தின் மேலேயே மென்னானா பேனாவால் பச்சை கஃப்தான் வரைந்தாள், இடுப்பில் தங்கப் பட்டை வைத்தாள், தலையில் கிரீடம் வைத்தாள். திரையில் இருபது வயது குறைந்த துரியா உட்கார்ந்திருந்தாள்.

துரியாவின் தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, படத்துல நீ எவ்வளவு அழகா இருக்க!"

"ஏன், நேர்ல கண்ணு தெரியலையா?" என்றாள் துரியா.

அத்தோடு முடிந்திருந்தால் ஒரு வாரம் தலைவலியோடு போயிருக்கும். திரையைத் திரும்ப ஒட்டிக்கொண்டே மென்னானா சொன்னாள்: "வியாழக்கிழமை லல்லா பத்தூல் வீட்டுக்கு இதைத்தான் கொண்டுபோறேன் அண்ணி. பொண்ணைப் படம் எடுத்து, ஏழு உடையும் போட்டுக் காட்டிடலாம்."

துரியாவின் முகம் வெளுத்துவிட்டது. பத்தூலின் அம்மாவுக்கு உடுத்திவிட்டவள் துரியாவின் அம்மா. பத்தூலுக்கு உடுத்திவிட்டவள் துரியா. இப்போது பத்தூலின் மகள் சுந்துஸுக்குக் கல்யாணம். அந்த வீட்டு வாசலைத் தன் சொந்த வாசலாகவே துரியா நினைத்திருந்தாள். வியாழக்கிழமை தேநீருக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். இன்னொருத்தியையும் அழைத்திருப்பார்கள் என்று அவள் கனவிலும் எண்ணவில்லை. அந்த வீடு கைவிட்டுப் போனால், அம்மாவிடமிருந்து வந்த பெயர் தன்னோடு முடிந்தது என்று ஊர் பேசும்.

மறுநாள் காலையிலேயே புதுநகரில் இத்ரீஸின் கடைக்குப் போய் நின்றாள்.

"கழண்டு வருமே, அந்த மாதிரி ஒண்ணு குடு தம்பி. என் தம்பி பொண்டாட்டி வச்சிருக்கிறதவிடப் பெருசா இருக்கணும்."

இத்ரீஸ் ஒன்றை எடுத்து வைத்தான். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க லல்லா. சாதாரண லேப்டாப்புக்கு உசுரு கீழ் பாதியில இருக்கும். இதுக்கு மேல. பேட்டரி, கேமரா, நீங்க போட்டு வைக்கிற படம் எல்லாம் இந்த ஸ்க்ரீனுக்குள்ளதான். கீழ இருக்கிறது வெறும் எழுத்துப் பலகை."

"சரி சரி. டக்குனு சத்தம் வருமா?"

"வரும் லல்லா."

"அவளோடதவிடப் பலமா?"

பாவம், அவன் கடையில் இருந்த பதினோரு மாதிரிகளையும் கழற்றி மாட்டிக் காட்டினான். துரியா கண்ணை மூடிக்கொண்டு, பாட்டு வாத்தியார் சுருதி பார்ப்பது போலக் கேட்டு, ஒன்பதாவதைத் தேர்ந்தெடுத்தாள். விலையை அவள் கேட்கவில்லை. மென்னானா கொடுத்ததைவிட அதிகமா என்று மட்டும் கேட்டாள்.

நாற்பது வருடமாக அவள் உடுத்திவிட்ட பெண்களின் படங்கள் இருபத்தாறு ஆல்பங்களில் இருந்தன. மூன்று நாள் உட்கார்ந்து இத்ரீஸ் அவ்வளவையும் திரைக்குள் ஏற்றினான். "பழசைப் பத்திரமா வச்சுக்குங்க" என்று சொல்லித்தான் அனுப்பினான். ஆனால் மென்னானா வீட்டில் ஆல்பமே கிடையாது என்று துரியாவுக்குத் தெரியும். ஒரு ஆல்பமாவது தன் வீட்டில் மீந்திருந்தால் அவளைவிடப் பழையவளாகிவிடுவோமே! இருபத்தாறையும் கழுதை வண்டியில் ஏற்றி ஹம்மாம் குளியல்கூடத்து அடுப்புக்கு அனுப்பிவிட்டாள். அன்று ஹம்மாமில் தண்ணீர் கொதித்த கொதியில் பெண்களெல்லாம் புதுப்பெண் போலச் சிவந்து வெளியே வந்தார்கள்.

வியாழக்கிழமை வந்தது. மென்னானா பையில் கொண்டுபோவாள். துரியாவும் பையில் கொண்டுபோனால் என்ன பெருமை? தன் சாமான் அறையைத் திறந்து, வெள்ளித் தட்டு இரண்டை எடுத்தாள். ஒன்றில் பட்டு விரித்துத் திரையை வைத்தாள். இன்னொன்றில் கீபோர்டை வைத்தாள். இரண்டுக்கும் ஜரிகை போட்ட கூம்பு மூடி. திரைத் தட்டைப் பல்லக்குத் தூக்கும் ஆள் ஒருவன் தலையில் ஏற்றினாள். கீபோர்டுத் தட்டைத் தானே ஏந்திக்கொண்டாள். வீதியில் ஜனங்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இங்கேதான் அவள் புத்தி பிசகியது. எங்கள் ஊரில் கூம்பு மூடி போட்ட தட்டில் வருவது மாப்பிள்ளை வீட்டுச் சீர். சர்க்கரைக் கூம்போ, மருதாணியோ, பட்டோ, அந்த மூடிக்கு அடியில் வாசல் தாண்டிய எதுவும் பெண்ணுக்குச் சொந்தம், திரும்பிப் போகாது. இது துரியாவைவிட நன்றாகத் தெரிந்தவர் ஊரில் ஒருவர் கிடையாது. அந்தத் தட்டுகளை எல்லோருக்கும் வாடகைக்கு விடுகிறவளே அவள்தான். மென்னானாவின் பையை மட்டுமே நினைத்துக்கொண்டு நடந்தவளுக்கு இது எங்கே நினைவுக்கு வரப்போகிறது?

வாசலில் நின்ற பெண்ணின் பெரியம்மா ரகிய்யா தட்டுகளைக் கண்டதும் குலவையிட்டாள். உள்ளே இருந்த பெண்கள் கூட்டம் முழுவதும் குலவையோடு ஓடிவந்தது. துரியா வாய் திறப்பதற்குள் ரகிய்யா முதல் தட்டின் மூடியைத் தூக்கிவிட்டாள்.

"அடியே சுந்துஸ்! மாப்பிள்ளை வீட்டுல கம்ப்யூட்டர் அனுப்பியிருக்காங்கடி!"

திரை கைமாறிக் கைமாறிப் பெண்ணின் மடிக்குப் போய்ச் சேர்ந்தது. துரியா கீபோர்டை ஏந்தியபடி, அரிசி கொட்டிய வெறும் முறத்தைப் பிடித்தவள் போல நின்றாள். முன்னாலேயே வந்து, தன் கணினியைக் காலூன்றி மேசையில் நிற்க வைத்திருந்த மென்னானா, ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.

பத்தூலின் கண்ணில் தண்ணீர். "என் சம்பந்தி எச்சில் கையால காக்கா ஓட்டமாட்டான்னு ஊரே சொல்லிச்சு. எவ்வளவு பெரிய மனசு பாரு!" சொல்லிக்கொண்டே போனை எடுத்துச் சம்பந்தியம்மாவுக்கு நன்றி சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அட, அது என்ன பெரிய விஷயம், சின்னப் பொருள்தானே" என்று ஒரு குரல் வந்தது. அனுப்பாத சீருக்குப் பெயர் தட்டிக்கொண்டு போனாள் மகராசி! இனி துரியா உண்மையைச் சொன்னால் இரண்டு வீட்டு மானமும் போகும், கல்யாணமும் ஆட்டம் காணும். அப்புறம் உடுத்திவிட அங்கே பெண் எங்கே இருக்கும்?

சுந்துஸ் திரையைத் தூக்கிக்கொண்டு மென்னானாவிடம் வந்தாள். "லல்லா, திறக்க மாட்டேங்குது. முகத்தைக் காட்டுன்னு கேக்குது. என் முகத்தைக் காட்டினா இல்லைங்குது."

பத்தூல் திரும்பினாள். "யாரோட முகத்தைக் கேக்குது?"

வீடே துரியாவைப் பார்த்தது. மென்னானா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூன்று தலைமுறை வாசல் அன்றோடு அவளுடையது. அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"கடையில வாங்கிட்டு வர்றவங்க முகத்தைத்தான் முதல்ல பதிஞ்சு குடுப்பாங்க லல்லா. மாப்பிள்ளை வீட்டுக்காக அண்ணிதானே போய் வாங்கியிருப்பாங்க. அண்ணி, முகத்தைக் காட்டுங்க. பொண்ணோட முகத்தை மாத்திப் பதிஞ்சுடலாம்."

துரியா முகத்தைக் காட்டினாள். திரை திறந்தது. உள்ளே அறுநூறு மணப்பெண்கள்.

"அய்யோ, இவங்கல்லாம் யாரு?" என்று சிரித்தாள் சுந்துஸ். "இதெல்லாம் அழிச்சுட்டு என் படமா போட்டுக்கறேன்."

துரியா தட்டைக் கீழே வைத்துவிட்டு மென்னானா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பதினைந்து வருடத்தில் மென்னானாவிடம் அவள் ஒரு ஊசிகூடக் கேட்டதில்லை. இப்போது மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்தாள்.

"என் பொண்ணுங்கடி" என்றாள் மெதுவாக. "காப்பாத்து."

"விடுங்க அண்ணி." மென்னானா இரண்டு திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எதையோ தொட்டாள். "முகம் மாத்தக் கொஞ்ச நேரம் ஆகும், எல்லாரும் தேநீர் குடிங்க" என்றாள். ஒரு நீலக் கோடு நகர ஆரம்பித்தது. எல்லோரும் இரண்டு கோப்பை குடித்து, பாதாம் பிறை இனிப்புகளையும் தின்று தீர்க்கும்வரை நகர்ந்தது. துரியாவின் நாற்பது வருடமும் அவள் கண்ணெதிரிலேயே மென்னானாவின் பெட்டிக்குள் குடிபோயிற்று.

கடைசிப் படம் போனதும் துரியா எழுந்தாள். சீரில் பாதியை மட்டும் கொடுத்தவள் என்று பெயர் வாங்க அவளுக்கு மனமில்லை, அதுவும் மென்னானா பார்த்துக்கொண்டிருக்கும்போது. இரண்டாவது தட்டின் மூடியைத் தானே தூக்கி, கீபோர்டைப் பெண்ணிடம் நீட்டினாள்.

"இந்தாம்மா, கீழ் பாதி. ரெண்டும் சேர்ந்தாத்தான் சீர்."

சுந்துஸ் வாங்கித் திரையோடு ஒட்டினாள். 'டக்'. ஒன்பதாவது மாதிரியின் சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

பத்தூல் துரியாவைக் கட்டிக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு உங்கம்மா, எனக்கு நீ. இவளுக்கும் நீதான் உடுத்திவிடணும் துரியா."

ஜெயித்தாயிற்று. துரியா ஆவலோடு மென்னானாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகம் கறுப்பதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்!

"அதுதான் முறை" என்றாள் மென்னானா. உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னாள். கொஞ்சமும் பொறாமைப்படவில்லை. பொறாமையே வராத ஒருத்தியைப் பார்த்தால் துரியாவுக்கு எவ்வளவு பொறாமையாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் ஒரு பெட்டி இனிப்போடு மென்னானா வீட்டுப் படி ஏறினாள். இதற்கு முன் அவள் கால் அந்தப் படியில் பட்டதில்லை. நான் அப்போது மென்னானாவோடு கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"பத்தூலுக்கு அன்னிக்கு எப்படி உடுத்திவிட்டேன்னு பார்க்கணும். பொண்ணுக்கும் அதே மாதிரி செய்யப்போறேன்."

"உங்க படம், நீங்களே பாருங்க அண்ணி." மென்னானா திரையைக் கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

துரியா விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். தன் பெண்கள் ஒவ்வொருத்தியிடமும் பேசினாள். "நீ எவ்வளவு அழுத!" "உன் புருஷன் ஓடிப்போய்த் திரும்பி வந்தானே!" திரையில் பத்தூல் வந்தாள், போனாள். அறுநூறும் முடிந்தது தெரியாமல் விரல் இன்னும் ஒரு தடவை தள்ளிவிட்டது. திரையில் மென்னானா உடுத்திவிட்ட ஒரு பெண் நின்றாள்.

துரியாவின் விரல் நின்றுவிட்டது. அடுத்ததைப் பார்த்தாள். அதற்கு அடுத்ததையும். படத்தைப் பெரிதாக்கி இடுப்புப் பட்டையின் மடிப்பைப் பார்த்தாள், முத்துச் சரம் நெற்றியில் விழுந்த இடத்தைப் பார்த்தாள். மூச்சு விடுகிறாளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் மென்னானாவைப் பார்த்த அளவுக்கு மென்னானாவின் வேலையைப் பார்த்ததில்லை.

மென்னானா தேநீரோடு வந்தாள்.

"இந்தப் பொண்ணுக்குக் கிரீடம் ஒரு விரல் கோணல்" என்றாள் துரியா.

நான் எட்டிப் பார்த்தேன். கிரீடம் கோணலாக இல்லை.

"எங்க அண்ணி?" என்று மென்னானா அவளை ஒட்டி உட்கார்ந்து திரைமேல் குனிந்தாள்.

"இப்படித் தள்ளி உட்கார்ந்தா எப்படித் தெரியும்? கிட்ட வா."