முன்னாலிருந்து கேட்க: நெரீனாவைத் தேடிப் பேச்சிப்பாறை வரை

சென்ற தை மாதம் ஒரு சனிக்கிழமை, ஆரல்வாய்மொழியிலிருந்து பேச்சிப்பாறைக்குக் கிளம்பினேன். அணை பார்க்கும் ஆசையில் இல்லை. நெரீனா என்ற இத்தாலிப் பாடகி பாடுவதை ஒரு முறையாவது முன்னாலிருந்து கேட்டுவிட வேண்டும் என்ற பிடிவாதத்தில். எனக்கு வயது எழுபத்திரண்டு. எழுத்துக் கூட்டி வாசிக்க வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகிறது. அதனால் பைய எழுதுகிறேன், நீங்களும் பைய வாசியுங்கள்.

முன்னாலிருந்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், பின்னாலிருந்து நிறையக் கேட்டிருக்கிறேன். வளைகுடாவில் ஒரு பெரிய அரங்கில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். அங்கே ஓபரா நடக்கும். நாடகம் முழுக்கப் பாட்டாகவே இருக்கும். மரத்தில் செய்த சுவர், படிக்கட்டு, கோட்டை வாசல் எல்லாவற்றையும் மேடையில் தூக்கி நிறுத்துவதும், திரை இழுப்பதும் எங்கள் வேலை. ஆட்டம் நடக்கும்போது அந்த மரச்சுவருக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ஜனங்கள் உட்காரும் பக்கம் போகக் கூடாது, அது சட்டம்.

நெரீனா அங்கே மூன்று முறை வந்தார். முதல் முறை பட்டாளச் சட்டை போட்ட பையன் வேஷம். உண்மையிலேயே பையன் என்று நினைத்து, “தம்பி, தள்ளி நில்லு, தலையில தட்டிரும்” என்று தமிழில் அதட்டினேன். பாவம், தள்ளி நின்றார். அடுத்த முறை ஆண்களை ஆட்டிவைக்கும் ஒரு முரட்டுக் காதலி. கடைசி முறை, மகனைப் பறிகொடுத்த கிழவி. எட்டாத உயரத்துக்குப் போகும் குரல்காரிகளுக்குத்தான் பெரும்பாலும் நாயகி வேஷம். இவருடையது அதற்கு ஒரு படி கீழே நிற்கும் கனத்த குரல். மெஸ்ஸோ என்பார்கள். மேடைக்குப் போகும் முன், வாயை மூடிக்கொண்டு மூக்கால் முனகியபடி என் பக்கத்தில் உலாத்துவார். விளக்குக்குள் நுழைந்ததும் குரல் அந்தப் பக்கம் போய்விடும். எங்களுக்குக் கிடைப்பது, நாலு வீடு தள்ளி யாரோ பாடுகிற மாதிரி ஒரு மிச்சம்.

அங்கே என்னோடு வேலை பார்த்த செல்வராஜ் குலசேகரத்துக்காரன். தை பிறந்ததும் அவனுடைய சர்ச் நோட்டீஸ் ஒன்றைப் போனில் அனுப்பியிருந்தான். படத்தில் நரைத்த தலை. கீழே பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தேன். உடனே கூப்பிட்டேன்.

“லேய், இது நம்ம நெரீனாவா?”

“பின்னே வேற யாரு? வரவேற்புக் கமிட்டி நானாக்கும். வாரும் அண்ணாச்சி, முன் வரிசைல நாற்காலி போட்டு வைக்கேன்.”

அவன் ஊர்ப் பெண் ஷீபா இத்தாலியில் நர்ஸ். நெரீனாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனபோது பார்த்துக்கொண்டவள். அந்தப் பழக்கத்தில் ஊருக்குக் கூட்டி வந்திருக்கிறாள். மேடையில் பாடுவதை நிறுத்திவிட்டார், ஷீபாவுக்காகச் சனிக்கிழமை சர்ச்சில் இந்த ஒரு முறை மட்டும் பாடுகிறார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவனந்தபுரத்தில் விமானம் என்றான். இதை விட்டால் இனி இல்லை.

காலை ஒன்பது மணிக்கு வடசேரி பஸ். முக்கால் மணி நேரம், இருபது ரூபாய். வடசேரியிலிருந்து தக்கலை வழியாகக் குலசேகரத்துக்கு ஒன்றரை மணி நேரம், முப்பத்தைந்து ரூபாய். அறுபது வருஷமாக “இது எங்க போவுது?” என்று யாரையாவது கேட்டுத்தான் ஏறியிருக்கிறேன். அன்றைக்கு ஒரு பெண் என்னிடம் கேட்டாள், நான் போர்டை வாசித்துச் சொன்னேன். அந்தச் சந்தோஷத்தில் ஜன்னல் சீட்டையும் அவளுக்கே கொடுத்துவிட்டேன். தக்கலை தாண்டியதும் ரப்பர் மரங்கள் தொடங்கிவிடும், ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள். குலசேகரத்திலிருந்து சர்ச்சுக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

மூன்று மணிக்கு நெரீனா காரிலிருந்து கைத்தடியுடன் இறங்கினார். சிங்காரி மேளம் அடித்தார்கள். மாலை போட்டார்கள். அதன் பிறகுதான் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தக் காரியம் நடந்தது. பெரிய விருந்தாளி வந்தால் இங்கே வெடி போடாமல் விடமாட்டார்கள். செல்வராஜ் ரோட்டிலிருந்து சர்ச் வாசல்படி வரைக்கும் சரவெடியை நீட்டிப் போட்டிருந்தான். வெடித்து முடியும்வரை விருந்தாளி நின்று ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை. அவரும் கை கூப்பியபடி நின்றார். நானும் சந்தோஷமாகக் கை தட்டினேன். எங்கள் ஆரல்வாய்மொழியாக இருந்தால் காற்று ஒரு நொடியில் அத்தனை புகையையும் அடித்துக்கொண்டு போயிருக்கும். அங்கே ஒரு இலைகூட அசையவில்லை. புகை அப்படியே அவர் மேல் கவிந்து, பிறகு சர்ச்சுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

இருமத் தொடங்கினார். இருமல் நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஷீபா மைக்கில், “தொண்டை கட்டிப்போச்சு, இன்னைக்குப் பாட முடியாது, மன்னிக்கணும்” என்றாள்.

“ஒரு பாட்டுக்காரிய வெடி போட்டா வரவேற்பா? உனக்குக் கூறு இருக்கா?” என்றேன் செல்வராஜிடம்.

“நீரும் கையடிச்சீருல்லா!”

மேடையில் வாழ்த்துரைகள் தொடங்கின. பாட்டு இல்லை என்றதும் ஜனங்கள் ஏத்தம்பழ அப்பம் தின்று சாயாவும் குடித்துவிட்டுக் கலைந்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. ஷீபா வெளியே வந்ததும் வழியை மறித்துக்கொண்டேன்.

“மக்களே, நாளைக்கு எங்க இருப்பிய?”

“காலைல அணை பாத்துட்டு அப்படியே ஏர்போர்ட்டுக்கு, மாமா. ஆனா அவங்க பாடமாட்டாங்க. வீணா அலையாதீங்க.”

“அலையியது என் காலுல்லா? உனக்கு என்ன?”

சிரித்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் சொன்னாள். நெரீனாவின் அப்பா ரொட்டிக்கடைக்காரர். முதல் ஏழு வருஷம் கூட்டத்தோடு கூட்டமாகப் பின்னால் நின்று பாடியிருக்கிறார். உயர்ந்த குரல் என்று ஒரு ஆசிரியர் தவறாக நினைத்து ஏற்றி ஏற்றிப் பாடவைத்ததில் குரல் கிழிந்து, ஒரு வருஷம் பேச்சே இல்லை. பிறகு கீழே இறங்கி, தன் குரல் எங்கே இருக்கிறது என்று தானே தேடிக் கண்டுபிடித்தாராம். அதன் பிறகுதான் பையனும் காதலியும் கிழவியும். “பட்டுப்போகும்னு எல்லாரும் சொன்ன தொண்டையாக்கும் மாமா அது” என்றாள்.

அன்று செல்வராஜ் வீட்டில் தங்கினேன். காலை ஏழு மணிக்கு அவன் ஸ்கூட்டரில் அணைக்குப் போய்விட்டோம். மலையடிவாரம் வரை தண்ணீர். கரையோரம் ஒருவர் கைத்தடி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். கிட்டே போகும் முன்பே சத்தம் வந்தது. வாய் மூடி, மூக்கால், அதே முனகல்.

கூட நடந்த ஷீபா என்னைப் பற்றி அவர் மொழியில் எடுத்துச் சொன்னாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உங்கள ஓர்மை இல்லையாம் மாமா. எங்க நின்னீங்கன்னு கேக்காங்க.”

“சொவருக்குப் பொறத்த. சொவரத் தூக்கினவன்னு சொல்லு. அந்தப் பையன் பாட்டு ஒண்ணு போதும்னு கேளு.”

அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். பையன் போய்விட்டானாம், அந்தக் குரல் இப்போது தன்னிடம் இல்லையாம். தொண்டை சரியாக இருந்தால் கிழவி வருவாள், வராவிட்டால் கோபிக்கக் கூடாது என்றாராம். நான் குடுகுடுவென்று அவர் எதிரே போய் நின்றேன். அவர் கையசைத்துப் பின்னால் போகச் சொன்னார். போனேன். இன்னும் என்றார். இன்னும் போனேன்.

“இன்னும் போனா அணைக்குள்ள கெடப்பீரு!” என்று கத்தினான் செல்வராஜ்.

கடைசி வரிசைக்குத்தான் பாடிப் பழக்கமாம். முன் நாற்காலி நல்ல இடம் இல்லையாம். இதை யார் கண்டார்கள்!

கைத்தடியை ஷீபாவிடம் கொடுத்துவிட்டுத் தொடங்கினார். நாலு வரியில் குரல் உடைந்து இருமல் வந்தது. ஷீபா ஓடினாள். அவர் ஒரு விரலை உயர்த்தி அவளை நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து. மறுபடியும் உடைந்தது. செல்வராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது முறை இன்னும் கீழே, மிகவும் கீழே பிடித்தார். குரல் நின்றது.

மைக் இல்லை, எதுவும் இல்லை. அத்தனை தூரம் தாண்டி வந்து என் நெஞ்சில் கை வைத்த மாதிரி இருந்தது. பாஷை தெரியாது. மகன் போய்விட்டான் என்று மட்டும் தெரியும். ஆனால் நான் இதுவரை அறியாதது வேறொன்று. மரச்சுவருக்குப் பின்னால் அது சும்மா வருகிற குரல் போலத்தான் கேட்டது. முன்னால் நின்றால்தான் தெரிகிறது. ஒவ்வொரு வரிக்கும் வயிறு உள்ளே போகிறது, கழுத்து நரம்பு எழும்புகிறது, ஆபரேஷன் செய்த இடுப்பு நடுங்குகிறது. அந்த அம்மா அந்தக் குரலைத் தூக்கிக்கொண்டு நின்றார். தூக்குகிற வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

முடிந்ததும், அரங்கம் நிறைந்திருந்த நாட்களில் செய்தது போலவே மார்பில் கை வைத்துக் குனிந்தார். கரையோரச் சாயாக்கடைக்காரரோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். கை தட்டினோம். கைதட்டல் நிற்கும்வரை பாடுகிறவர் திரும்பத் திரும்ப வந்து குனிய வேண்டும், அது அவர்கள் வழக்கம். திரை இழுத்தவன் ஆனதால் எனக்குத் தெரியும். கார் பக்கம் போனார். நான் நிறுத்தவில்லை. திரும்பி வந்து குனிந்தார்.

“மாமா, நிறுத்துங்க, பிளேன் போயிரும்!”

“அண்ணாச்சி நிறுத்தட்டு, நான் நிறுத்துதேன்” என்றான் செல்வராஜ்.

“நீ வேணும்னா நிறுத்துலே.”

மூன்றாவது தடவை அவரே என்னிடம் நடந்து வந்து, என் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அப்படித்தான் என் கைதட்டல் நின்றது.

போக நினைப்பவர்களுக்கு: குலசேகரத்திலிருந்து அணை ஒன்பது கிலோமீட்டர், காலை வெயிலுக்கு முன் போய்விடுங்கள். அணைக்கரை சாயாக்கடையில் பால் விடாத கட்டன் சாயா நன்றாக இருக்கும். வீட்டுக்கோ கோயிலுக்கோ பாடுகிறவரைக் கூப்பிட்டால் குடிக்கச் சுடுவெள்ளம் கொடுங்கள், வெடி வேண்டாம். நல்ல இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தாதீர்கள், கடைசி வரிசை போதும். பாட்டு முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடாதீர்கள். அடுத்த பஸ் வரும். முதலில் கைதட்டலை நிறுத்துகிற ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.